வீடியோ கேம் சந்தா: யோசித்துக் கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் டிவி சந்தாவோடு வீடியோ கேம் சந்தாவும் சேர்ந்துவிட்டது. நல்லதும் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் (மாதம் பணம் கட்டி, பட்டியலில் உள்ள கேம்களை ஆடும் சந்தா) 2017-ல் வந்ததிலிருந்து, புது கேமை முழு விலை கொடுத்து வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையும் நூற்றுக்கணக்கான கேம்களை ஆடிப் பார்க்க முடிகிறது, சின்ன நிறுவனங்களின் அருமையான கேம்களும் அதில் கண்ணில் படுகின்றன, பெரிய விஷயம்தான்.

ஆனால் எதுவும் நமக்குச் சொந்தமில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவில் மாதாமாதம் தரும் கேம்கூட சந்தா நின்றால் பூட்டிக்கொள்ளும். பட்டியலிலிருந்து ஒரு கேமைத் தூக்கிவிட்டால், பாதி ஆடிய பிள்ளை காசு கொடுத்து வாங்கினால்தான் தொடர முடியும். டிஸ்க் என்றால் ஆடி முடித்து அத்தை மகனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். விலையும் நம் கையில் இல்லை: 2025 அக்டோபரில் அமெரிக்காவில் கேம் பாஸின் உயர்ந்த வகையான அல்டிமேட் மாதம் 19.99 டாலரிலிருந்து ஒரேயடியாக 29.99 டாலர் ஆனது. அப்புறம் டேட்டா! பெரிய கேம்கள் 100 ஜிபியைக்கூடத் தாண்டும், ஃபைபர் இணையம் இல்லாத வீடு என்ன செய்யும்?

பெற்றோர்களே, தானாகப் புதுப்பித்துக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள். பள்ளி விடுமுறைக்கு மட்டும் கட்டினால் போதும். பிள்ளை வருஷம் முழுக்க ஒரே கால்பந்து கேமைத்தான் ஆடுகிறான் என்றால் அதை வாங்கிக் கொடுத்துவிடுங்கள், நண்பர்களோடு ஆன்லைனில் ஆட அடிப்படைச் சந்தாவே போதும்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகர்