கரண்டிக் கணக்கு

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் நோட்டை எடுத்தேன். எழுதி முடித்ததும் அம்மா இதைப் படம் பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முப்பத்தோரு வருஷம் கரண்டி பிடித்த கை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. டாக்டர் ஆறு கிலோ குறைக்கச் சொன்னார், ஒன்றரை மாசமாக ஒரு வாய் விடாமல் போனில் எழுதி வைக்கிறாய், ஒரு நாளைக்கு 1,400 கலோரிக்கு மேல் போகவே இல்லை, ஆனாலும் அரைக்கிலோதான் இறங்கியிருக்கிறது. "என் உடம்பே இப்படித்தான்ப்பா, இது என்னை ஏமாத்துது"ன்னு சொன்னாய். அதோடு அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாய். அம்மா தூங்கவில்லை. எனக்கும் தூக்கம் இல்லை, ஆனால் வேறு காரணத்துக்காக. அன்று காலையில் நீ சாப்பிட்டது ஹோட்டல் நெய் ரோஸ்ட். அதற்கு உன் போன் 168 கலோரி என்று போட்டிருந்ததாக நீயே படித்துக் காட்டினாய். 168! அதைக் கேட்டதும் எனக்குள் இருந்த பழைய டிபன் மாஸ்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன சின்ன எடை மெஷின் இங்கேதான் இருக்கிறது. வியாழக்கிழமை விடியற்காலையில் அதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, நான் கடைசியாக வேலை பார்த்த ஹோட்டலுக்குப் போனேன். என்னிடம் கை பழகிய பையன்தான் இப்போது அங்கே தோசைக்கல்லில் நிற்கிறான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். "அண்ணே, இந்த வயசுல ஆபீசர் வேலை பாக்குறீங்களா?" என்றான். ஆனாலும் நெய்த் தூக்கை எடுத்து மெஷின் மேல் வைத்தான்.

1,486 கிராம் காட்டியது. பத்து நெய் ரோஸ்ட் போகும்வரை ஓரமாக நின்றேன். மறுபடி வைத்தபோது 1,262. ஆக 224 கிராம். ஒரு ரோஸ்டுக்கு 22 கிராம். அதில் கல்லிலேயே தங்கி, தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் தள்ளும்போது போவது நாலு கிராம் என்று வை. மீதி 18 கிராம் உன் வயிற்றுக்குள். கொழுப்பு என்றால் கிராமுக்கு 9 கலோரி. 18-ஐ ஒன்பதால் பெருக்கினால் 162. உன் போன் முழு ரோஸ்டுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கை நெய் மட்டுமே தின்றுவிட்டது, பாப்பா.

மாவையும் நிறுத்தேன். ரோஸ்டுக்கு அவன் ஊற்றும் கரண்டி 150 கிராம். அரிசியும் உளுந்தும் சேர்ந்து ஒரு கிலோ நனைத்தால் இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மாவு வரும். ஒரு கிலோ தானியம் சுமார் 3,500 கலோரி. அப்படிப் பார்த்தால் அந்தக் கரண்டி மாவு 220 வரும். நெய்யோடு 380. தேங்காய்ச் சட்னி இரண்டு குழிக்கரண்டி என்றால் நூறை ஒட்டி வந்துவிடும், தேங்காயும் பொட்டுக்கடலையும் சும்மா இல்லை. சாம்பார் ஒரு கிண்ணம். எல்லாம் சேர்த்து 550 என்று எழுதினால் நியாயம். உன் போன் பொய் சொல்லவில்லை. அது சொல்வது வீட்டுத் தோசைக்கு, அம்மா ஒரு டீஸ்பூன் எண்ணெயைச் சுற்றிவிட்டு எடுக்கிறாளே, அதற்கு. பேர் ஒன்று, பண்டம் வேறு.

நீ 1,400 என்று எழுதிய நாட்களில் உள்ளே போனது 1,900 இருந்திருக்கும். உன் உடம்பு உன்னை ஏமாற்றவில்லை. எங்கள் கரண்டிதான் ஏமாற்றியது.

எங்கள் கரண்டி என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கூட்டம் ஏறும்போது எந்த மாஸ்டரும் அளந்து ஊற்ற மாட்டான். எண்ணெய் தாராளமாக விழுந்தால் தோசை சட்டென்று நிறம் பிடிக்கும், கல்லை விட்டுக் கிளம்பும், மொறுமொறுவென்று நிற்கும். கஞ்சப்பட்டு ஊற்றினால் ஒட்டும், கிழியும், அடுத்த எட்டு ஆர்டர் தேங்கும். போதாததற்கு "மாஸ்டர் கை தாராளம்" என்று பேர் வேறு. அந்தப் பேருக்காகவே நானும் நிறைய ஊற்றியிருக்கிறேன்.

இன்னொன்று கேள். நான் முதலில் சேர்ந்த கடையின் முதலாளி ராத்திரி கடை மூடியதும் ஒரே ஒரு கணக்குப் பார்ப்பார். இன்றைக்கு எத்தனை டின் எண்ணெய் காலி, எத்தனை பேர் சாப்பிட்டார்கள். ஒரு நல்ல நாளில் 15 லிட்டர் டின் இரண்டு போகும், ஆயிரம் பேர் வருவார்கள். ஆளுக்கு 30 மில்லி. கலோரியில் சொன்னால் 240-க்கு மேல். உன் அம்மா எனக்கும் அவளுக்குமாக மாசத்துக்கு இரண்டு லிட்டர் வாங்குகிறாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி. வீட்டில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் எண்ணெய் ஹோட்டலில் ஒரு வேளையில் முடிந்துவிடுகிறது. முதலாளி அதை ரூபாய்க்காகப் பார்த்தார். நீ கலோரிக்காகப் பார். கணக்கு ஒன்றுதான்.

வெண்பொங்கலையும் அப்படியே வகுத்துப் பார்க்கலாம். அண்டாவை விட்டுவிடு, சின்ன அளவில் சொல்கிறேன். பச்சரிசி ஒரு கிலோ, பாசிப்பருப்பு 300 கிராம், நெய்யும் டால்டாவுமாக 300 கிராம், முந்திரி 50 கிராம். கூட்டினால் ஏறக்குறைய 7,500. அதில் 24 பிளேட் எடுப்போம். பிளேட்டுக்கு 310. மேலே சப்ளையர் ஒரு ஸ்பூன் நெய் விட்டால் இன்னொரு 40. பக்கத்தில் ஒரு உளுந்து வடை 150. சட்னி, சாம்பார் கணக்கில் வரவே இல்லை, 500 ஆகிவிட்டது. "டால்டா கெட்டது, நெய் நல்லது, நல்லெண்ணெய் ரொம்ப நல்லது" என்பதெல்லாம் வேறு பேச்சு. கலோரி என்று வந்தால் மூன்றும் ஒரே எடைதான். பெங்களூரில் தோசை மேல் உருட்டி வைக்கிறார்களே அந்த வெண்ணெய், அதில் தண்ணீர் கொஞ்சம் இருப்பதால் நூறு கிராமுக்கு 720 வரும், நெய் 900. நீ அனுப்பிய படத்தில் இருந்த உருண்டை 15 கிராமுக்குக் குறையாது.

"அப்போ ஹோட்டலுக்கே போகக் கூடாதாப்பா?" என்பாய். போகாமல் எப்படி? நீ தங்கியிருக்கும் பி.ஜி. விடுதியில் அடுப்பு கிடையாது. போ, ஆனால் மெனு கார்டில் பேரைப் பார்க்காதே, கொழுப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார். இட்லியில் ஒளிய இடமில்லை. ஹோட்டல் இட்லி ஒன்று 70 கலோரி, மூன்று சாப்பிட்டாலும் 210. அதே இட்லியைப் பொடி இட்லி என்று கேட்டால் நல்லெண்ணெயில் புரட்டித் தருவான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120, கூடுதலாக ஒன்றே முக்கால் இட்லி சாப்பிட்ட மாதிரி. டயட் என்றதும் எல்லோரும் சப்பாத்திக்கு ஓடுகிறார்கள், அது எனக்குச் சிரிப்பு. ஹோட்டல் சப்பாத்தி எண்ணெயில் குளித்துத்தான் வரும், குருமாவில் தேங்காயும் முந்திரியும் அரைத்து விட்டிருப்போம். குருமா மேல் எண்ணெய் மிதந்தால் கண்ணுக்காவது தெரியும். பட்டர் மசாலாவில் முந்திரி விழுதும் கிரீமும் கலந்து ஒன்றாகிவிடும், ஒரு சொட்டும் மிதக்காது, "லைட்டா இருக்கு" என்பார்கள். பரோட்டாவைப் பற்றி எழுத மாட்டேன். மாவு உருண்டை எண்ணெயில் ஊறிக் கிடப்பதை நீ சின்ன வயசில் என் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய்.

ஒரு தொழில் ரகசியம். சப்ளையரிடம் "எண்ணெய் கம்மியா" என்று சொல்லாதே. அவன் உள்ளே வந்து "ஒரு ரோஸ்ட், ஆயில் கம்மி" என்று கத்துவான், மாஸ்டர் காதில் ரோஸ்ட் மட்டும்தான் விழும். கம்மி என்றால் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? "எண்ணெயே வேண்டாம், சாதா தோசை" என்று சொல். எப்படியும் வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்த்துவிட்டுத்தான் மாவு ஊற்றுவான். அது போதும். மத்தியானம் அன்லிமிடெட் மீல்ஸ் பக்கம் போகாமல் அளவுச் சாப்பாடு வாங்கு. வெந்த சோறு நூறு கிராம் 130 கலோரி, கப்பில் 400 கிராம் வரை இருக்கும், பாதியைத் தோழிக்குக் கொடு. காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு.

பெரிய செயின் ஹோட்டல்களில் மெனுவிலேயே கலோரி போட்டிருப்பார்கள். பத்துக் கிளையோ அதற்கு மேலோ இருந்தால் போட்டே ஆக வேண்டும் என்று 2022 ஜூலை 1 முதல் விதி. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்தது. அங்கே போனால் போனை விட அந்த எண்ணை நம்பு. ஆனால் அதுவும் எழுதி வைத்த பக்குவத்துக்குச் சொன்ன எண்தான், அன்றைக்குக் கல்லில் நிற்பவன் கைக்கு இல்லை. மற்ற கடைகளுக்கு நான் சொல்வது இது: போன் காட்டுவதோடு பாதியைக் கூட்டு. பேரில் நெய், பட்டர், ஸ்பெஷல், பொடி என்று எது இருந்தாலும் இரட்டிப்பாக எழுது. ரோஸ்ட் என்றால் சட்னி, சாம்பாரோடு மூன்று மடங்கு கூட ஆகலாம், வியாழக்கிழமை பார்த்துவிட்டேன். 50 கலோரி முன்னே பின்னே போனால் குடி முழுகாது. சாப்பிட்டு முடித்த தட்டைச் சாய்த்துப் பார், எண்ணெய் ஓடினால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்.

ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் நிறுத்தாதே. காலையில் எழுதத் தவறியதற்கு ராத்திரியில் தண்டனை என்ன? இரண்டு இட்லியாவது சாப்பிட்டுப் படு. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது இந்தக் கணக்கையும் காட்டு, அப்பா எழுதினார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எடை மெஷினைப் பார்சலில் அனுப்புகிறேன், பேட்டரி புதுசு போட்டிருக்கிறேன். கூடவே இட்லிப் பொடி இருக்கும், எண்ணெய் நீ அளந்து ஊற்றிக்கொள். அம்மா அதிரசம் வைத்தே தீருவேன் என்று நிற்கிறாள். "பிள்ளைக்கு அனுப்புறதையும் நிறுக்கணுமா?" என்று சண்டை. கடைசியில் நாலு என்று முடிவாகியிருக்கிறது. அவள் அந்தப் பக்கம் போனதும் நிறுத்துப் பார்த்தேன், ஒன்று 42 கிராம்.

அன்புடன்,
அப்பா