குடமுருட்டிப் பாலம் ஏறாத ஸ்கூட்டர்

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். என் ஸ்கூட்டரில் கொஞ்சம் பெரிய என்ஜின் மாட்ட அனுமதி கேட்டுத் திருவையாற்றிலிருந்து எழுதுகிறேன். சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப் போனவன். பக்கச் சக்கரம் பொருத்திய, கியர் இல்லாத 100 சிசி ஸ்கூட்டர் ஒன்றைப் பதினாறு வருடமாக ஓட்டுகிறேன். விடியற்காலை நாலரை மணிக்கு மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் பூக்காரத் தெருவுக்குப் போவேன். பூ வாங்கி வந்து கதம்பம் கட்டி, ஐயாறப்பர் கோயில் பக்கம் விற்கிறோம். பூ எடையே இருக்காது என்று நினைப்பவர்கள் தண்ணீர் தெளித்த சாமந்தி மூட்டையை ஒருமுறை தூக்கிப் பார்க்கலாம்.

டெல்டா என்றால் தட்டையான பூமி, வண்டிக்கு என்ன கஷ்டம் என்று சென்னையில் இருப்பவர்களுக்குத் தோன்றும். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஐந்து ஆறு இருக்கிறது. தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்தையும் தாண்ட வேண்டும். சுமார் 12 கிலோமீட்டரில் ஐந்து பாலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். மலையில் இருப்பவனுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். கிழட்டு என்ஜினுக்கு அப்படி இல்லை.

என் வண்டி போன வருடம் நீலப் புகை விட ஆரம்பித்தது. வாரத்துக்குக் கால் லிட்டர் ஆயில் குடித்தது. ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து, பெரிய சைஸ் பிஸ்டன் போட்டதெல்லாம் ஐந்து வருடம் முன்பே முடிந்த கதை. இப்போது கிராங்க் பேரிங்கும் சத்தம் போடுகிறது. ஏற்றத்துக்கு ஆகட்டும் என்று மெக்கானிக், கியருக்குப் பதிலாக பெல்ட்டின் இழுவையை மாற்றும் வேரியேட்டரில் எடை குறைந்த ரோலர்களைப் போட்டுப் பார்த்தார். பாலம் ஏறியது. ஆனால் சமதரையில் என்ஜின் கத்திக்கொண்டே ஓடியது, மைலேஜும் விழுந்தது. பழையதையே திரும்பப் போட்டோம். ஒரு நாள் குடமுருட்டிப் பாலத்து ஏற்றத்தின் பாதியில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் மணல் லாரி. மனைவி இறங்கித் தள்ளினாள். நான் இறங்க முடியாதவன், உட்கார்ந்தபடி ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

அதே 100 சிசி என்ஜினை வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். வண்டியைச் செய்தவர்கள் இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு ஆளுக்கும் கணக்குப் போட்டுத்தான் அந்த என்ஜினைக் கொடுத்தார்கள். அப்புறம் நாம் அதில் இரும்பு அச்சு, ஸ்பிரிங், இரண்டு சக்கரம் என்று ஏற்றினோம். அந்த இரண்டு சக்கரத்துக்கும் இழுவை கிடையாது, பிரேக்கும் கிடையாது. இழுப்பதெல்லாம் நடுச் சக்கரம்தான். ரோட்டில் பள்ளம் வந்தால் பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் நிற்கும், நடுச் சக்கரம் தூக்கிக்கொண்டு சும்மா சுற்றும். ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆக முதல் நாளிலிருந்தே இது சக்திக்கு மீறிச் சுமந்த என்ஜின். அதே அளவில் இன்னொன்று போட்டால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

மெக்கானிக் சொன்ன வழி, ஒரு 125 சிசி ஸ்கூட்டர் என்ஜின். கியர் இல்லாத ஸ்கூட்டரில் என்ஜின், பெல்ட், பின் சக்கரம் மூன்றும் ஒரே கட்டு. முன்னால் ஒரு நீளமான போல்ட், பின்னால் ஷாக் அப்சார்பர், இரண்டையும் கழற்றினால் மொத்தமாக வெளியே வந்துவிடும். போடும்போதுதான் வேலை. பிராக்கெட் அகலம் ஒத்துவர வேண்டும், வயரிங்கை மாற்ற வேண்டும். எங்கள் வண்டிக்கு இன்னொன்றும் உண்டு. புது என்ஜினோடு வரும் சக்கரம் பழைய சக்கரத்தின் அதே உயரத்தில், அதே நேர்கோட்டில் உட்கார வேண்டும். பத்து அங்குலத்துக்குப் பதில் பன்னிரண்டு அங்குலச் சக்கரம் வந்தால் பக்கச் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும். அதையெல்லாம் பார்த்து, பத்து அங்குலப் பின் சக்கரத்தோடு, கார்புரேட்டர் வைத்த, பிஎஸ் 4 என்ற பழைய புகை விதிக் காலத்து என்ஜின் ஒன்றை, விபத்தில் முன்பக்கம் நசுங்கிய வண்டியிலிருந்து வாங்கியிருக்கிறார். பில் இருக்கிறது, அந்த வண்டியின் ஆர்.சி. (பதிவுச் சான்று) நகலும் இருக்கிறது. பிஎஸ் 6 வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அதன் இன்ஜெக்‌ஷனையும் கம்ப்யூட்டரையும் பழைய வண்டியில் கட்டி மேய்க்க முடியாதாம்.

என்ஜின் கிடைத்துவிட்டது. சிக்கல் காகிதத்தில்.

ஒரு போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டேன். ஒரு ஜன்னலில் ‘இதுக்கெல்லாம் வழியே இல்லை’ என்றார்கள். அடுத்த ஜன்னலில் ‘எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, பார்க்கலாம்’ என்றார்கள். வெளியே நின்ற புரோக்கர் மட்டும்தான் தெளிவாகப் பேசினார். ‘மாட்டிட்டு ஓட்டுங்க சார், உங்க வண்டியை யார் நிறுத்தப் போறா?’ அவர் சொன்னது உண்மைதான், யாரும் நிறுத்த மாட்டார்கள். அதுதான் எனக்குப் பயம். மோதல் என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது என்ஜின் நம்பரை. அது ஆர்.சி.யில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றால் யார் பொறுப்பு? அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 182ஏ பிரிவு இருக்கிறது. பூ விற்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருப்பது தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆகிவிடும்படி வண்டியை மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எங்கள் ஊரிலும் பையன்கள் சிலர் பழைய வண்டியில் பெரிய என்ஜினைச் செருகி, சைலன்சரை அறுத்து, ஆடிப்பெருக்கு அன்றைக்குப் படித்துறைக் கூட்டத்துக்குள் கொண்டுவருவார்கள். பிடியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் அதே 52ஆம் பிரிவில், 2019 திருத்தம் எங்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. மாற்றுத்திறனாளி தன் வண்டியைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு, பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறலாம் என்கிறது. அந்த வழியில்தான் பக்கச் சக்கரத்தை ஒத்துக்கொள்கிறீர்கள். சக்கரத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, அதை இழுக்கும் சக்தி மட்டும் எப்படி வேறு விஷயம் ஆகும்? சுமை கூடியது இந்த மாற்றத்தால்தானே. 125 சிசி என்ஜினும் அதே மாற்றத்தின் பகுதி என்று உங்கள் துறை எழுத்தில் சொல்ல வேண்டும். மத்திய அரசு விதி தடுக்கிறது என்றால், அதையும் எழுத்தில் சொல்லிவிட்டு, விதியை மாற்றச் சொல்லி டில்லிக்கு நீங்களே எழுதுங்கள். ஜன்னலுக்கு ஒரு பதில் வேண்டாம்.

நான் கேட்பது 150 சிசி, 200 சிசி அல்ல. மூன்றாம் நபர் காப்பீட்டில் 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை ஒரே கட்டணப் படிக்கட்டுதான். 100 சிசி ஆனாலும் 125 சிசி ஆனாலும் என் வண்டி அதிலேயே நிற்கிறது. திருட்டு என்ஜின் வந்துவிடும் என்ற பயம் நியாயமானது. பில்லையும் பழைய ஆர்.சி.யையும் கேளுங்கள், நம்பரைப் போலீசில் சரிபாருங்கள், கொண்டுவந்து காட்டுகிறேன்.

பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். 125 சிசி வரையிலான புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்போ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோ கட்டாயமானது. என் பழைய வண்டியில் இரண்டும் இல்லை. சக்தியைக் கூட்டினால் பிடிப்பையும் கூட்ட வேண்டும் என்று விதி வையுங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆய்வாளர் சோதிப்பதானால் அலுவலக வாசல் சிமெண்ட் தரையில் ஒரு வட்டம் அடிக்கச் சொல்லிவிட்டு அனுப்பாமல், ஆளும் சுமையும் ஏற்றி ஒரு பாலத்து இறக்கத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லட்டும். நிற்கவில்லை என்றால் அனுமதி வேண்டாம்.

புது வண்டி வாங்கேன் என்பார்கள் சிலர். பக்கச் சக்கரத்தோடு சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. அரசு கொடுக்கும் ஸ்கூட்டருக்கு மனுப் போட்டிருக்கிறேன், வரிசை நீளம்.

என்ஜின் இப்போது சாக்கில் சுற்றி எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. மழைக்கு முன்னால் மாட்டிவிடலாமா என்று மெக்கானிக் இரண்டு தடவை கேட்டுவிட்டார். உங்களிடமிருந்து கடிதம் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திருவையாற்றுப் பூக்காரர் ஒருவர்