முன்னால் இழுத்தவருக்கு எங்கே புள்ளி?

சர்வதேச சைக்கிள் ஓட்டச் சம்மேளனமான யு.சி.ஐ.யின் தலைவர் அவர்களுக்கும் சாலைப் போட்டிகளுக்கான குழுவினருக்கும்,

வணக்கம்.

லியேஜ்–பாஸ்தோன்–லியேஜோடு 2025 வசந்த காலப் போட்டிகள் முடிந்துவிட்டன. இந்த வசந்தத்தின் சிறந்த வீரர்கள் யார் என்ற பட்டியல்களும் வரத் தொடங்கிவிட்டன. எதைத் திறந்தாலும் அதே நாலைந்து பெயர்கள்தான். அந்தப் பெயர்களோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. ததேய் போகாச்சார் ஸ்திராதே பியாங்கேயில் தொடங்கி லியேஜ் வரை இறங்கிய ஏழு ஒருநாள் போட்டிகளிலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். அதில் நான்கு வெற்றி. மத்தியூ வான் டெர் பூல் மிலான்–சான் ரெமோவையும் பாரிஸ்–ரூபேயையும் வென்றார். ரூபே அவருக்குத் தொடர்ந்து மூன்றாவது முறை. மேட்ஸ் பெடர்சன் கென்ட்–வெவெல்கெமில் தனியாளாக வந்து ஜெயித்தார், ஃபிளாண்டர்ஸில் இரண்டாவது, ரூபேயில் மூன்றாவது. என்னைக் கேட்டால் இதே வரிசையில்தான் வைப்பேன்.

என் வருத்தம் பட்டியல்களின் அடியில் இருக்கும் கணக்கைப் பற்றியது. வீரர்களையும் அணிகளையும் வரிசைப்படுத்த நீங்கள் வைத்திருக்கும் புள்ளிக் கணக்கு அது. மிலான்–சான் ரெமோ, ஃபிளாண்டர்ஸ், ரூபே, லியேஜ் போன்ற மாபெரும் போட்டி ஒன்றை வென்றால் 800 புள்ளி. அடுத்தடுத்த இடங்களுக்குப் படிப்படியாகக் குறைந்த புள்ளிகள். எல்லாமே முடிவுக்கோட்டைத் தாண்டிய வரிசைப்படிதான். கோட்டைத் தாண்டும் வரை யார் என்ன செய்தார் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

சில்வான் டில்லியரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உங்கள் தலைமையகம் இருக்கும் அதே சுவிட்சர்லாந்துக்காரர். 2018 ரூபேயில் காலையிலேயே முந்திப்போன கும்பலில் இருந்து, கடைசி வரை தாக்குப்பிடித்து, பீட்டர் சாகனுக்கு அடுத்ததாக இரண்டாவது வந்தவர். கால் வலு இல்லாமல் துணை வேலைக்கு வந்தவர் அல்ல. வான் டெர் பூலின் அணியில் அவர் வேலை என்ன? சான் ரெமோ என்பது ஏறக்குறைய 290 கிலோமீட்டர், ஆறு மணி நேரத்துக்கும் மேல். முந்திப்போன கும்பல் எட்டாத தூரத்துக்குப் போய்விடாமல், பெருங்கூட்டத்தின் முகப்பில் நின்று காற்றை வெட்டிக்கொண்டே வர வேண்டும். ஆண்டுதோறும் நேரலையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அவர்தான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அவரேதான். பின்னால் ஒட்டி வருகிறவர்களுக்கு உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது. அந்த மிச்சத்தை எல்லோருக்கும் கொடுப்பவர் முன்னால் இருக்கும் ஒருவர். வான் டெர் பூலும் யாஸ்பர் பிலிப்சனும் அந்தக் கூட்டத்துக்குள் நிழல்போலப் பதுங்கி வருவார்கள். கடற்கரைச் சாலை வந்து சிப்ரெஸ்ஸா ஏற்றம் நெருங்கும்போது டில்லியர் ஓரமாக ஒதுங்குவார். கூட்டம் அவரைக் கடந்து போகும். அதோடு கேமராவும் போய்விடும். அப்புறம் போஜ்ஜோ ஏற்றம், இறக்கம், வியா ரோமா தெருவில் கடைசி ஓட்டம், கொண்டாட்டம்.

2023, 2024, 2025 என மூன்று ஆண்டும் சான் ரெமோவை வென்றது அவருடைய அணிதான். வான் டெர் பூல், பிலிப்சன், மறுபடி வான் டெர் பூல். வென்றவருக்கு இப்போது 800. இருநூறு கிலோமீட்டர் இழுத்து அந்த வெற்றிக்கு வழி செய்தவருக்கு அந்த உழைப்புக்காக உங்கள் புத்தகத்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. வேலை முடிந்து களைத்துப்போய் ஓட்டத்திலிருந்து விலகிவிட்டால் போட்டியை முடிக்காதவர் என்ற DNF எனும் மூன்றெழுத்துக் குறிப்பு மட்டும் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும். போட்டியைப் பார்க்காத ஒருவர் அந்த முடிவுப் பட்டியலை மட்டும் வாசித்தால், இந்த மனிதர் அன்றைக்குத் தோற்றுப்போனார் என்றுதான் நினைப்பார்.

டில்லியரை உதாரணமாகத்தான் சொன்னேன். 2025 சான் ரெமோவில் சிப்ரெஸ்ஸா ஏற்றத்தில் போகாச்சார் பாய்ந்ததும் வான் டெர் பூலையும் பிலிப்போ கானாவையும் தவிர யாராலும் ஒட்ட முடியவில்லை. அந்தப் பாய்ச்சலுக்கு முன்னால் அவருடைய அணித் தோழர்கள் டிம் வெல்லன்ஸும் ஜொனாதன் நர்வாயெஸும் வேகத்தை ஏற்றி எல்லோர் மூச்சையும் வாங்கிய பிறகுதான் அது நடந்தது. பெண்களின் சான் ரெமோவில் லொரேனா வீபஸ் வென்றார். அவருக்காக உழைத்தவர்களில் ஒருவர் லோட்டே கொபெக்கி, உலக சாம்பியனின் வானவில் ஜெர்சியோடு. உலக சாம்பியனே இன்னொருவருக்காக வேலை செய்யத் தயங்கவில்லை. அதைக் குறித்துவைக்க உங்கள் கணக்கில் ஒரு கட்டம்கூட இல்லை.

எனவே என் கோரிக்கை இது. ஒருநாள் போட்டியில் வென்றவரோடு அன்று ஓடிய அணித் தோழர்களுக்கும், அவர்கள் கோட்டைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும், வெற்றிப் புள்ளியில் ஒரு பங்கு கொடுங்கள். ஓர் அணிக்கு ஏழு பேர். வென்றவர் போக ஆறு பேர். ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்றால்கூட சான் ரெமோவுக்கு 80 புள்ளி. வென்றவருடைய 800-இல் கை வைக்க வேண்டாம், அது அவருடையது.

இதனால் பெரிய அணிகளே இன்னும் பெரிதாகும், சிறிய அணிகள் நசுங்கும் என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கவலைதான். அதற்கும் வழி இருக்கிறது. இந்தப் பங்கை அணியின் மொத்தத்தில் சேர்க்காதீர்கள், வீரரின் தனிக் கணக்கில் மட்டும் எழுதுங்கள். அடிபடுவது அவர்தானே? ஒப்பந்தம் புதுப்பிக்க உட்காரும்போது மேசைமேல் இருப்பது அவருடைய புள்ளிதான். முதல் மணி நேரத்திலேயே விழுந்து விலகியவருக்கும் பங்கா என்று கேட்டால், ஆம் என்பேன். பரிசுப் பணத்தை வீரர்கள் அப்படித்தான் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். ஜெயித்தவர் பையில் தனியாக வைத்துக்கொள்வதில்லை. யாருடைய உழைப்பில் வெற்றி வந்தது என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களை ஆளும் சம்மேளனத்தின் ஏட்டில்தான் அது இல்லை. கால்பந்தில் கோலுக்குப் பந்தைத் தள்ளிக்கொடுத்தவர் பெயர் பதிவாகிறது. கிரிக்கெட்டில் விக்கெட் எடுக்காமல் ரன்னை மட்டும் கட்டிப்போட்டவரின் மெய்டன் ஓவரும் பதிவாகிறது.

இந்தக் கணக்கு ஆட்களை எப்படி மாற்றுகிறது என்பதையும் நீங்கள் 2022-லேயே பார்த்துவிட்டீர்கள். மூன்றாண்டுப் புள்ளியைக் கூட்டி அணிகளை முதல் தரப் பிரிவுக்கு ஏற்றுவது, அங்கிருந்து கீழே இறக்குவது என்று வைத்தீர்கள். லோட்டோ, இஸ்ரேல்–பிரீமியர் டெக் ஆகிய அணிகள் கீழே போயின. அந்த ஆண்டு முழுக்க, பெரிய போட்டியில் தலைவருக்கு உதவுவதைவிடச் சிறிய போட்டியில் இரண்டு மூன்று பேர் பத்துக்குள் வருவதே லாபம் என்று அணிகள் கணக்குப் போட்டன. 125 புள்ளி தரும் சிறிய போட்டிகளைத் தேடித்தேடி ஆட்களை அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிழைக்க வேண்டும் அல்லவா. ஆனால் தனக்காக ஓடினால் புள்ளி, தோழனுக்காக ஓடினால் பூஜ்யம் என்று எழுதிவைத்துவிட்டு, இது அணி விளையாட்டு என்று மேடைகளில் பேசுவது எப்படிச் சரியாகும்?

பூஜ்யத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2021-இல் பெண்களுக்கு முதன்முதலாக ரூபே நடந்தது. மழை, சேறு, கற்சாலை. லிஸி டைக்னன் எண்பது கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி வென்றார். அவருக்குக் கிடைத்த பரிசு 1,535 யூரோ. ஆண்களில் வென்றவருக்கு 30,000. அன்றைக்கு எழுந்த கோபம் நியாயமானது. அதற்குப் பிறகு சில அமைப்பாளர்கள் திருந்தி, இருவருக்கும் சமமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் அதற்கு ஒருவர் அவமானப்பட வேண்டியிருந்தது. மேலிருந்து ஒரு விதி முன்கூட்டியே வந்திருந்தால் அது நேர்ந்திருக்காது. நேரலையும் அப்படித்தான். பெண்கள் போட்டிகளில் பெரும்பாலும் கடைசிப் பகுதி மட்டும்தான் ஒளிபரப்பாகிறது. துணை வீராங்கனைகளின் உழைப்பு முழுக்க அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. புள்ளியும் இல்லை, படமும் இல்லை என்றால் அவர்கள் ஓடியதற்கு சாட்சி யார்? இதைப் பற்றி எழுதினால் இன்னொரு மடல் ஆகிவிடும். என் கோரிக்கைக்கே திரும்புகிறேன்.

2023-இல் தொடங்கிய மூன்றாண்டுக் கணக்கு 2025-ஓடு முடிகிறது. 2026-இல் புதிய சுற்று தொடங்குகிறது. ஒருநாள் போட்டிகளில் வென்றவரின் அணித் தோழர்களுக்கும் வெற்றிப் புள்ளியில் ஒரு பங்கு, அவரவர் தனிக் கணக்கில். ஆண்கள், பெண்கள் இரு பிரிவுக்கும் ஒரே மாதிரி. எல்லாப் போட்டிகளுக்கும் உடனே செய்வது கடினம் என்றால், வசந்த காலத்தின் நான்கு மாபெரும் போட்டிகளில் மட்டும் முதலில் நடைமுறைப்படுத்திப் பாருங்கள். அடுத்த மார்ச்சில் சான் ரெமோ வருவதற்கு முன் இதைக் குழுவில் ஒருமுறையாவது விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முடியாது என்று முடிவெடுத்தால் ஏன் முடியாது என்பதையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதையுடன்,
சாலை சைக்கிள் ஓட்டப் போட்டிகளைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு தமிழ் ரசிகர்