எதிர் லயத்துப் பெரியம்மாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்பான தோட்டத்து உறவுகளுக்கும் பாடசாலைத் தோழமைகளுக்கும்,

கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மூன்று வாரங்களாகின்றன. என் எட்டு வருட வயிற்றுவலிக் கதை உங்களுக்குத் தெரியும். அதில் பாதித் தூரம் நீங்களே என்னைக் கைத்தாங்கலாக நடத்திப் போனீர்கள். அதனால் அதை மறுபடி எழுதவில்லை.

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது: சீலியக். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால், என் உடல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தனவாம். இரும்பு மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கியும் இரத்தம் ஊறாதது அதனால்தான். "கவலையால் வரும் வயிற்றுவலி" என்று கேட்டுக் கேட்டு நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன். அந்தப் பெயரைக் கேட்டதும் வாட்டிலேயே அழுதுவிட்டேன். நான் பொய் சொல்லவில்லை என்று யாரோ எழுதிக் கொடுத்தது போல இருந்தது.

இதற்கு மருந்து கிடையாது. கோதுமையை ஆயுளுக்கும் விட வேண்டும். நம் லயத்து வரிசை வீடுகளில் அதன் பொருள் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? காலையில் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவது ரொட்டி, நோயாளியைப் பார்க்க வருகிறவர் கையிலும் சுடச்சுட ரொட்டி. வேண்டாமென்று நான் சொன்னபோது வாடிய முகங்களை மறக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் மாலை, நல்ல மழையில் எதிர் லயத்துப் பெரியம்மா வந்தார். படங்குக்குள்ளிருந்து பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து அடுப்பருகே வைத்தார். புத்தம் புதிய ரொட்டிக்கல்.

"பழைய கல்லில் உனக்குச் சுட வேண்டாம் மகள். அதில் இருபது வருடக் கோதுமை மா ஊறிக் கிடக்கிறது."

ஒரு துணுக்குப் பட்டாலும் குடல் புண்ணாகும் என்று வைத்தியர் சொன்னதைப் பீலிக்கரையில் அம்மா யாரிடமோ புலம்பியிருக்கிறார். பெரியம்மா காதில் விழுந்திருக்கிறது. என் வீட்டிலேயே எனக்கென்று தனிக் கல் கேட்க எனக்கு நா எழவில்லை. கேட்காமலே கொண்டுவந்தார். விலையை இன்றுவரை சொல்லவில்லை.

அதோடு போகவுமில்லை. மரவள்ளியை அவித்து மசித்து, குரக்கன் மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து, வாழையிலைத் துண்டில் தட்டிக் கல்லில் போட்டார். கிழங்கு சேர்ந்தால்தான் ரொட்டி விரிந்து உடையாதாம். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். 1974 பஞ்சத்தில் என்றார். தோட்டத்தில் மா இல்லாமல் சனம் செத்துக்கொண்டிருந்தபோது அவருடைய அம்மா பிள்ளைகளுக்குச் சுட்டுக் கொடுத்த ரொட்டி அது. "அந்த ரொட்டியை மறுபடி தட்டக் கூடாதென்றுதான் இருந்தேன். உனக்காகத் தட்டுகிறேன்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த நோயின் காரணம் உறுதிப்பட்டதும் ஒரு பஞ்சத்தில்தான் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பாண் கிடைக்காமல் போனபோது, ஊரே வாட, இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்களாம். பாண் திரும்பி வந்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். டிக்க என்ற குழந்தை வைத்தியர் கோதுமை மேல் வைத்திருந்த சந்தேகம் அப்படித்தான் உறுதியானது. இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "அங்கேயுமா பஞ்சம்?" என்று மட்டும் கேட்டு, அடுத்த ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

என் பாடங்களை ஆறு வாரம் சுமந்த ஆசிரியர்களுக்கும், நள்ளிரவில் காசு பேசாமல் ஹட்டன் வரை ஓட்டிய ஆட்டோத் தம்பிக்கும், சிங்களத்தில் எனக்குச் சொல்ல வராததைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த வாட்டுத் தாதிக்கும், "நீ தினமும் என்ன சாப்பிடுகிறாய்?" என்று முதன்முதலாகக் கேட்ட வைத்தியருக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், கோயிலில் எனக்காக விளக்கேற்றியவர்களுக்கும் என் நன்றி.

வெளுத்த முகத்தோடு, எடை ஏறாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். எல்லாம் இந்த நோயாக இராது. ஆனாலும் பார்க்க வேண்டும். பரிசோதனை முடியும்வரை ரொட்டியை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் நோய் தெரியாமல் போகும். தனியாகப் போகப் பயமென்றால் என்னிடம் சொல்லுங்கள். கண்டி பஸ்ஸில் நானும் உடன் வருகிறேன்.