ஸ்டேஷன் வாசலைத் தாண்டிப் போய்ச் சாப்பிடு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மும்பையில் மதியத்தில் ஸ்டேஷன் வாசலில் நின்றபடி ஒரு வடா பாவ், நேரமில்லாத நாளில் டீயும் பிஸ்கட்டும் என்று போனில் சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா என்னை விடவில்லை. "அத்தனை வருஷம் அந்தத் தெருக்களில்தானே வேலை பார்த்தீர்கள், பிள்ளைக்கு ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை சொல்லக் கூடாதா?" என்கிறாள். அவள் கேட்பது நியாயம். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

வடா பாவை நான் குறை சொல்லவில்லை. உன் ஸ்டேஷனான சி.எஸ்.எம்.டி.க்கு (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) எதிரே கேபிடல் சினிமா கட்டடத்தில் இருக்கும் ஆராம் கடையில், எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த வடையைப் பாவ் ரொட்டிக்குள் வைத்து அமுக்கித் தருவார்கள். சாயங்காலப் பசிக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் காலையில் லோக்கல் வண்டியில் நசுங்கி வந்து, இருட்டும்வரை கணினி முன் உட்காருகிற உடம்புக்கு அது மதியச் சாப்பாடு ஆகாது. சோறு, பருப்பு, ஒரு காய், மோர் உள்ளே போக வேண்டும். உட்கார்ந்து, மென்று சாப்பிட வேண்டும்.

அந்த நிலையத்தில் 18 நடைமேடைகள். ஏழில் லோக்கல் வண்டிகள், மற்றவற்றில் வெளியூர் வண்டிகள். வெளியே வரும் கூட்டமும் அப்படித்தான் இரண்டாகப் பிரிகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் இன்று சாப்பிட்டால் அந்தக் கடைக்கு மறுபடி எப்போது வருவாரோ. லோக்கலில் வருகிறவர் நாளைக்கும் வருவார், நாளை மறுநாளும் வருவார். முதல் வகையை நம்பி நடக்கிற கடைக்கு உன் நாக்கைப் பற்றி அக்கறை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டாம் வகையை நம்பி நடக்கிற கடை ஒரு வாரம் பருப்பைக் கெடுத்தால் அடுத்த வாரம் மேசைகள் காலியாகிவிடும். நான் உனக்குச் சொல்ல வந்தது முழுக்க இதுதான். ஒரு கடைக்குள் நுழையும் முன் வாசலில் நின்று உள்ளே பார். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறவர்கள் உட்கார்ந்திருந்தால் தயங்காமல் போ. மேசைக்கு மேசை சூட்கேஸ் நின்றால் நகர்ந்துவிடு.

வேறு சிலவும் பார்க்கலாம். அன்றைய காய்கறியைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப் போட்டிருக்கிற கடை நல்லது. காலையில் சந்தையில் வாங்கியதை அன்றைக்கே சமைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பஞ்சாபி, சைனீஸ், தோசை, பீட்சா என்று பத்துப் பக்கத்துக்கு மெனு நீட்டுகிற இடத்தில் அத்தனையும் புதிதாக இருக்க முடியாது. சோற்றைச் சின்னப் பாத்திரத்தில் அடிக்கடி வடித்துக் கொண்டுவருகிறார்களா, பெரிய அண்டாவில் காலையிலேயே கொட்டி வைத்திருக்கிறார்களா என்பதைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இனி வழி. நிலையத்தை விட்டு வந்ததும் சுரங்கப்பாதையில் இறங்கிச் சாலையைக் கடந்துவிடு, மேலே குறுக்கே ஓடாதே. பிறகு டி.என். சாலைக்கு (தாதாபாய் நௌரோஜி சாலை) கிழக்கே இருக்கும் பழைய தெருக்களுக்குள் நுழை. போரா பஜார் தெரு, மோடி தெரு, பஜார் கேட் தெரு. பஜார் கேட் தெருவுக்கு இப்போது பெரின் நரிமன் தெரு என்று பெயர். பழைய பெயரைச் சொன்னாலும் வழி காட்டுவார்கள். அங்கேதான் பஞ்சம் பூரிவாலா இருக்கிறது. பூரியும் உருளைக்கிழங்கு பாஜியும். கடை 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது என்பார்கள். கையில் காசு குறைவாக இருக்கிற மாதக் கடைசியில் அது பெரிய துணை. ஆனால் தினமும் பூரி வேண்டாம்.

தினச் சாப்பாட்டுக்கு நீ தேட வேண்டியது உடுப்பிக் கடைகளில் கிடைக்கும் ரைஸ் பிளேட். இரண்டு சப்பாத்தி அல்லது பூரி, இரண்டு காய், பருப்பு, சோறு, தயிர், அப்பளம் எல்லாம் ஒரே தட்டில், கிண்ணம் கிண்ணமாக வரும். ஃபோர்ட் என்கிற இந்த அலுவலகப் பகுதி முழுவதும் அந்தத் தட்டை நம்பித்தான் நடக்கிறது. ஒரு மணிக்குப் போனால் இடம் கிடைக்காது. பன்னிரண்டரைக்கே போய்விடு, இல்லையென்றால் ஒன்றே முக்காலுக்குப் போ. தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள், அதற்குக் கூச்சப்படாதே. அங்கே அதுதான் வழக்கம், யாரும் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

மீன் இல்லாமல் உனக்கு வாரம் ஓடாது என்று தெரியும். 'லஞ்ச் ஹோம்' என்று பலகை போட்ட மங்களூர், கோவாக் கடைகள் ஃபோர்ட்டில் உண்டு. காவஸ்ஜி படேல் தெருவில் இருக்கும் மகேஷ் லஞ்ச் ஹோம் பெயர்பெற்றது, ஆனால் விலை ஏறிவிட்ட இடம். சின்னக் கடைகளில் மீன் தாலி வாங்கு: ரவை தடவி வறுத்த ஒரு துண்டு, தேங்காய் அரைத்த குழம்பு, சோறு, கடைசியில் சோல்கடி. சுர்மை என்றால் நம் வஞ்சிரம், பாங்டா என்றால் அயிலை. பாங்டாவே போதும், மலிவு, ருசி, உடம்புக்கும் நல்லது. சோல்கடியை விட்டுவிடாதே. கோகம் என்கிற புளிப்புப் பழமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்த இளஞ்சிவப்புத் தண்ணீர் மீன் சாப்பிட்ட வயிற்றை அமைதிப்படுத்தும். ஒன்று மட்டும் நினைவில் வை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அந்த இரண்டு மாதமும் தட்டில் வருவது பெரும்பாலும் ஐஸில் கிடந்த மீனாகவே இருக்கும். அப்போது ரைஸ் பிளேட்டுக்கு வந்துவிடு. மழைக்காலம் முழுவதும் வெட்டி வைத்த வெங்காயம், வெள்ளரி, தெருவோரச் சட்னி எதையும் தொடாதே. ஆவி பறக்கிறதை மட்டும் சாப்பிடு.

சம்பளம் வந்த வாரத்தில் ஒருநாள் தோழிகளோடு பல்லார்ட் எஸ்டேட் வரை நடந்து போ. 1923இல் தொடங்கிய பிரிட்டானியா என்ற இரானி கடை, அதாவது இரானிலிருந்து வந்து குடியேறியவர்களின் கடை, அங்கே இருக்கிறது. மதியம் மட்டும்தான் சாப்பாடு என்று நடந்துவந்த இடம். பெர்ரி புலாவ் வாங்கு, கடைசியில் கேரமல் கஸ்டர்டு. சிவப்பாகச் சின்னச் சின்னதாக மேலே தூவியிருக்கும் அந்தப் புளிப்புப் பழத்தோடு சோற்றைச் சேர்த்து மெல்லும்போது உனக்குப் பிடிக்கும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

டப்பாவாலாவிடம் சொல்லிவிடலாமே என்று அம்மா கேட்டாள். 1890 வாக்கில் தொடங்கிய ஏற்பாடு அது. வெள்ளைத் தொப்பி அணிந்தவர்கள் டப்பாவின் மூடியில் எழுதிய குறியீட்டை வைத்தே வீடுவீடாக எடுத்து, ரயிலில் ஏற்றி, சரியான மேசையில் கொண்டுவந்து வைப்பதை வருடக்கணக்காகப் பார்த்து வியந்திருக்கிறேன். மாதக் கணக்கில் சமைத்துத் தரும் வீடுகளும் கிடைக்கும். ஆனாலும் உனக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். டப்பா மேசைக்கே வந்துவிட்டால் நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டாய், ஒரு கை சோற்றிலும் ஒரு கை விசைப்பலகையிலும் இருக்கும். அரை மணி நேரம் வெளியே நடந்து வா. கடும் மழை நாட்களுக்கு வேண்டுமானால் அது சரிப்படும்.

இலையில் சாப்பிட ஆசை வந்தால் ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவுக்குப் போ. மெதுவாகப் போகும் லோக்கலில் ஏறு, ஃபாஸ்ட் வண்டி தாதரைத் தாண்டினால் அங்கே நிற்காது. மேற்கு ரயில்பாதையில் மாதுங்கா ரோடு என்று வேறொரு நிலையம் இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதே. நீ இறங்க வேண்டிய மாதுங்கா, 2017இல் முழுக்கப் பெண்களே நடத்தும் நிலையமாக மாறியது. வெளியே வந்தால் எட்டிய தூரத்தில் மார்க்கெட் கட்டடத்தின் மாடியில் ராம நாயக் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். 1942இலிருந்து வாழை இலைச் சாப்பாடு போடுகிறார்கள். ஞாயிறு என்றால் வரிசை நீளும், சீக்கிரமே போய் நின்றுவிடு. ரசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கு. திங்கட்கிழமை போகாதே, விடுமுறை.

பணத்தைப் பற்றி யோசிக்காதே. மதியச் சாப்பாட்டுக்கென்று இந்த மாதத்திலிருந்து நான் தனியாக அனுப்புகிறேன். அதை வேறு செலவுக்கு எடுக்காதே. அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுப் பார்சலில் அனுப்பியிருக்கிறாள், தயிர்ச்சோற்றுக்கு ஆகும். இந்த வாரம் எந்தத் தெருவில், எந்தக் கடையில் சாப்பிட்டாய் என்று அவளிடம் சொல். அவளுக்குத் தூக்கம் வரும்.

அன்புடன்,
அப்பா