குச்சி சுமக்கும் மாதங்கள்

தூத்துக்குடி
20 அக்டோபர் 2025

அன்பு மகள் யாழினிக்கு,

"கழுகு முட்டை போட்டதும் சொல்லுங்கம்மா, அப்போதிருந்து பார்க்கிறேன்" என்று கேட்டிருந்தாய். அப்படிக் காத்திருக்காதே. முட்டை இட்ட பிறகு ஏறக்குறைய 40 நாளைக்கு ஏதாவது ஒரு பறவை அடையில் உட்கார்ந்தபடியே இருக்கும். கூட்டுக் கேமராவின் நேரலையை எப்போது திறந்தாலும் அதே காட்சிதான். கழுகுகள் எப்படிப்பட்ட பறவைகள் என்பது அதற்கு முந்தின மூன்று மாதத்தில்தான் தெரியும். அந்த மூன்று மாதம் இப்போது தொடங்குகிறது. இன்றே திற.

முதலில் பெயர். தமிழ்ப் பத்திரிகைகள் சில 'மொட்டைக் கழுகு', 'வழுக்கைக் கழுகு' என்று எழுதுகின்றன. தலை நிறைய இறகு இருக்கிற பறவைக்கு வழுக்கை ஏது? ஆங்கிலப் பெயரில் இருக்கும் 'பால்ட்' என்ற சொல்லை வழுக்கை என்று மொழிபெயர்த்ததால் வந்தது இது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வெள்ளை என்றும் பொருள் உண்டு. வெண்தலைக் கழுகு என்று சொல்வதே சரி. நீ இருக்கும் சிங்கப்பூர் கடலோரத்தில் வெள்ளை வயிறும் சாம்பல் முதுகுமாக வட்டமிடுமே, அந்தக் கடற்கழுகும் இதுவும் நெருங்கிய உறவு. மீனைக் கண்டதும் காலை நீட்டிக்கொண்டு தண்ணீர் மேல் இறங்குவதை இரண்டிலும் பார்க்கலாம்.

நீ பார்க்க வேண்டியது கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரிக் கூடு. சான் பெர்னார்டினோ மலைக்காட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தின் உச்சிப்பக்கம் தரையிலிருந்து 145 அடியில் இருக்கிறது. 'பிரண்ட்ஸ் ஆஃப் பிக் பேர் வேலி' என்ற அமைப்பு சூரிய மின்சாரத்தில் ஓடும் கேமரா வைத்து யூடியூபில் நாள் முழுக்கக் காட்டுகிறது. பெண் ஜாக்கி, 2012இல் பொரித்ததாகக் கணிப்பு. ஆண் ஷேடோ, 2014இல் பொரித்ததாகக் கணிப்பு. 2018இல் இந்தக் கூட்டுக்கு வந்து சேர்ந்தது. வேறு கூடுகளும் நேரலையில் உண்டு. ஆனால் குளிர், பனி, காற்று, அண்டங்காக்கை என்று எல்லாச் சங்கடமும் ஒன்றாக வருவதால், கூடு கட்டும் வேலையில் எது எதற்கு என்று இங்கே நன்றாகப் பிடிபடும்.

நேரக்கணக்கை எழுதி ஒட்டி வைத்துக்கொள். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அதன்பின் சிங்கப்பூர் அவர்களைவிட 16 மணி நேரம் முந்தியும், இங்கே தூத்துக்குடி பதின்மூன்றரை மணி நேரம் முந்தியும் இருக்கும். டிசம்பர் நடுவில் பிக் பேரில் சுமார் 6.45க்கு விடியும், உனக்கு அது இரவு 10.45, எனக்கு இரவு 8.15. அங்கே மாலை 4.40க்கு இருட்டும்போது உனக்குக் காலை 8.40. ஆக விடிந்த முதல் இரண்டு மணி நேரம் எனக்கு, அடைவதற்கு முந்தின இரண்டு மணி நேரம் உனக்கு. குச்சி வருவது பெரும்பாலும் காலையில்தான் என்பதால் என் பங்கு கொஞ்சம் கொழுத்தது, பொறுத்துக்கொள். நடுவில் தவறியதை நேரலையில் 12 மணி நேரம் வரை பின்னால் இழுத்துப் பார்க்கலாம். இரட்டை வேகத்தில் ஓட்டினால் வெற்றுக்கூட்டை வேகமாகத் தாண்டிவிடலாம். பக்கத்தில் ஓடும் அரட்டையை மூடிவிடு. பத்துப் பேர் பத்துக் கதை சொல்வார்கள், உன் கண் அதையேதான் பார்க்கும்.

கேமரா இரண்டு. கூட்டுக்கு நெருக்கமானதில் குச்சியும் குழியும் தெரியும். தூரத்துக் கேமராவில் மரம் முழுக்கத் தெரியும். எந்தத் திசையிலிருந்து வருகின்றன, எந்தக் கிளையில் காவல் இருக்கின்றன என்பதற்கு அதுதான் உதவும். நெருக்கக் கேமராவை மட்டுமே பார்ப்பவர்கள் 'இன்று கழுகே வரவில்லை' என்பார்கள். அது இரண்டு கிளை மேலே உட்கார்ந்திருக்கும்.

ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பார்க்கப் பழகு. கழுகில் பெண்தான் பெரியது. சேர்ந்து நிற்கும்போது சிரமமில்லை. தனியாக நிற்கும்போது அலகின் உயரத்தைப் பார்: பெண்ணுக்கு மேலிருந்து கீழாகத் தடிப்பு அதிகம், பின்விரல் நகமும் பெரிது. குரலும் பெண்ணுக்குக் கொஞ்சம் கனம், ஆணுக்குக் கீச்சு. குரல் என்றதும் சினிமாவில் கழுகு பறக்கும்போது கேட்கும் அந்த நீண்ட கிறீச்சை எதிர்பார்க்காதே. அது பெரும்பாலும் செவ்வால் பருந்தின் குரலை எடுத்து ஒட்டியது. இவை கோழிக்குஞ்சு விக்குகிற மாதிரிதான் சத்தமிடும்.

இனி வேலை. கோடையில் குஞ்சுகள் மிதித்து மிதித்துக் கூடு தட்டையாகி ஓரமெல்லாம் சரிந்து கிடக்கும். அதனால் முதல் வேலை பக்கச்சுவர். அக்டோபர், நவம்பரில் வருவதெல்லாம் நீளக் குச்சிகள். காய்ந்த கிளையைப் பறக்கும் வேகத்திலேயே கால்களால் பிடித்து ஒடித்துக்கொண்டு வரும். சின்னதை அலகில் கவ்வி வரும். பறவையையே அளவுகோலாக வைத்துக்கொள்: அலகு முதல் வால் வரை முக்கால் மீட்டருக்கு மேல், ஒரு மீட்டருக்குள். குச்சி அதைவிட நீளமாக இருந்தால் இறங்கும்போதே கிளையில் மாட்டும், தவறி விழும். விழுந்ததை எடுக்கக் கீழே போகாது. இன்னொன்று கொண்டுவரும், அவ்வளவுதான்.

கொண்டுவந்த குச்சியை வைக்கிற விதத்தைக் கவனி. அடியில் இருக்கும் குச்சிகளுக்கு நடுவே ஒரு முனையைச் செருகி, அலகால் ஆட்டி, இறுகும்வரை தள்ளும். மேலே சும்மா கிடத்திய குச்சி முதல் காற்றுக்கே போய்விடும், செருகியது நிற்கும். ஒன்று வைத்ததை மற்றது பிடுங்கி வேறிடத்தில் வைக்கும், இரண்டும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கும். பார்க்கிறவர்கள் சண்டை என்று சிரிப்பார்கள். இதில் பெண்ணின் கைதான் பெரும்பாலும் ஓங்கும், ஆனால் இது கோபமில்லை. சுவரில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று இரண்டும் தனித்தனியே பார்த்து வேலை செய்கின்றன. ஒரே குச்சி கூட்டைச் சுற்றி மூன்று இடம் மாறினால் அதை மூன்று குச்சியாக எண்ணிவிடாதே. புதிதாக எண்ண ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் செய்யும் பிழை இதுதான்.

சுவர் எதற்கு? முட்டையும் குஞ்சும் உருண்டு விழாமல் இருக்க என்பது பாதிக் காரணம். மற்ற பாதி காற்று. கூட்டின் நடுவில் படுத்திருக்கும் பறவையின் முதுகு மட்டத்துக்குச் சுவர் இருந்தால் மலைக்காற்று மேலாகப் போய்விடும். எந்தப் பக்கச் சுவர் முதலில் உயர்கிறது என்று குறித்துவை.

டிசம்பரில் சுமை மாறும். குச்சி குறைந்து காய்ந்த புல், மரப்பட்டை நார், பைன் ஊசி என்று மெத்தென்றவை வரும். அந்தந்த ஊரில் கிடைப்பதுதான் மெத்தை; அயோவாவின் டெக்கோரா கூட்டில் சுற்றிலும் மக்காச்சோள வயல் என்பதால் சோளத்தோகை வரும். குச்சிக்கும் புல்லுக்கும் எண்ணிக்கை இடம் மாறும் வாரம்தான் நாள்குறிப்பிலேயே முக்கியமான வாரம். அதன் பிறகு நடுக்குழியைப் பார். பறவை நெஞ்சைத் தரையில் அழுத்திப் படுத்து, கால்களால் பின்னால் உதைத்து, கொஞ்சம் திரும்பி மறுபடி உதைக்கும். பானை வனைவது போல உடம்பைச் சுழற்றித்தான் குழி வட்டமாகிறது. குழியின் அடியில் குச்சி தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். இடுக்கில் புல்லை அலகால் குத்திக் குத்தி அடைக்கும். அடைக்காவிட்டால் கீழிருந்து ஏறும் குளிர் முட்டையைத் தொடும். பனி பெய்தால் நனைந்த புல்லைக் கிளறிக் காயவிட்டு, மேலே புதுப் புல் பரப்பும். அழகாக அமைந்த குழியைப் பனி ஒரே இரவில் மூடி, மறுநாள் முதலிலிருந்து தொடங்குவதும் உண்டு. அதற்காக நீ வருத்தப்படாதே, அவை படுவதில்லை.

எவ்வளவு வேகமாகக் கட்ட முடியும் என்று கேட்டாய். புளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் கூட்டை 2022 செப்டம்பர் 28 அன்று இயான் புயல் அடியோடு தள்ளிவிட்டது. அதே மரத்தில் அந்த இணை மறுபடி கட்டி, நவம்பர் கடைசியில் முட்டையும் இட்டுவிட்டது. இரண்டே மாதம். அளவு என்று பார்த்தால், அதே மாநிலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1963இல் அளந்த கூடு 2.9 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம், இரண்டு டன்னுக்கு மேல். ஆண்டுதோறும் அடுக்கிக்கொண்டே போனால் அப்படி. பிக் பேர் கூடு அத்தனை பெரிதில்லை.

முட்டை நெருங்குவதற்கு அடையாளங்கள் உண்டு. இணைசேர்வது டிசம்பர் கடைசியிலிருந்து அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் கிளையில். ஆண் நகம் குத்தாதபடி விரல்களை மடக்கிக்கொண்டு ஏறும், சில நொடியில் முடிந்துவிடும். இதை வைத்து மட்டும் நாள் கணக்கிடாதே. உணவை வைத்துக் கணக்கிடு. ஆண் மீனையோ நாமக்கோழியையோ கொண்டுவந்து தான் தின்னாமல் பெண்ணிடம் விட்டால் அது ஒரு படி. ஏரி உறையும்போது நாமக்கோழிகள் உறையாத தண்ணீரில் நெருக்கிக்கொண்டு கிடக்கும், ஷேடோவுக்கு வேட்டை அங்கேதான். பெண் நீண்ட நேரம் கூட்டிலேயே மந்தமாக நின்றால் அடுத்த படி. இரவில் கிளையை விட்டுக் கூட்டில் தங்க ஆரம்பித்தால், தூங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடு. முட்டை வரும் நேரத்தில் இறகைச் சிலிர்த்து, வாலைத் தூக்கி இறக்கி, உடம்பை அலை அலையாக இறுக்கும். வந்தபின் உடனே உட்காராது. முட்டை காயும்வரை மேலே நிற்கும்.

2022இல் முதல் முட்டை ஜனவரி 22, 2023இல் 11, 2024இல் 25, 2025இல் 22. அதனால் ஜனவரி 8லிருந்து கண் விழித்திரு. முட்டைகளுக்கு இடையே மூன்று நாள்: 2025இல் 22, 25, 28. ஆனால் குஞ்சுகள் வந்தது மார்ச் 3, 4, 8. முதல் இரண்டுக்கும் நடுவே மூன்று நாள் எப்படி ஒரு நாளாகச் சுருங்கியது? முதல் முட்டையை முழுச்சூட்டில் அடைகாக்காமல் இரண்டாவது வரும்வரை விட்டு விட்டு உட்கார்ந்ததால்தான். முட்டையைத் தனியே விட்டுவிட்டுப் பறந்துவிட்டதே என்று அந்த முதல் மூன்று நாளில் எனக்கு நீ பதறிப் போன் செய்யக்கூடாது.

கெடுவதையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் ஜனவரி முட்டைகள் அண்டங்காக்கைகளால் போயின. பிப்ரவரியில் மறுபடி இட்டது, அதிலும் குஞ்சு நிலைக்கவில்லை. 2023இல் இரண்டு முட்டை, 2024இல் மூன்று முட்டை, ஒன்றும் பொரிக்கவில்லை. 2025இல் மூன்றும் பொரித்து, மார்ச் நடுவில் வந்த பனிப்புயலில் ஒன்று இறந்தது. மற்ற இரண்டும் ஜூனில் பறந்தன. யாராவது மரமேறிக் காப்பாற்றக்கூடாதா என்று கேட்பாய். ஆள் ஏறினால் அடையிலிருக்கும் பறவை எழுந்துவிடும். அந்தக் குளிரில் அது எழுந்திருக்கும் நேரமே முட்டைக்கு எமன். அதனால் கேமராவில் கோளாறு என்றால்கூட முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் காலம் முடிந்த பிறகே மரத்தில் ஏறுவார்கள். படம் நின்றால் பொறுத்திரு. பெரும்பாலும் சூரியத் தகட்டில் பனி மூடி பேட்டரி இறங்கியிருக்கும்.

இரவில் கறுப்பு வெள்ளையாகத் தெரிவது அகச்சிவப்பு வெளிச்சம், பறவைக்கு அது தெரியாது. அப்போது கூட்டில் குட்டியாக எதுவோ ஓடினால் அது பறக்கும் அணில். அது ஓரத்தில் வந்து நிற்பதும் இவ்வளவு பெரிய கழுகு திடுக்கிட்டு எழுவதும் பிக் பேரில் வாடிக்கை.

குறிப்பேட்டுக்கு ஆறு கட்டம் போதும்: அங்குள்ள நேரம், யார், எதில் கொண்டுவந்தது (அலகா காலா), என்ன, எந்தப் பக்கம் வைத்தது, எத்தனை நிமிடம் தங்கியது. பக்கத்துக்குக் கடிகார எண்ணைப் பயன்படுத்து; கேமராவுக்கு எதிரே பன்னிரண்டு, நம் பக்கம் ஆறு. '7.20, ஷே, கால், நீளக் குச்சி, 3, 12 நி' என்று எழுதினால் எனக்குப் புரிந்துவிடும். அன்பு, கோபம், ஏக்கம் என்றெல்லாம் எழுதாதே. அலகு என்ன செய்தது, கால் என்ன செய்தது என்று எழுது. அந்நியக் கழுகு வந்தால் தலையின் நிறத்தையும் குறி: பழுப்பும் வெள்ளையும் கலந்திருந்தால் நாலைந்து வயது நிரம்பாதது. அப்போது நம் இரண்டும் தலையைப் பின்னால் எறிந்து கத்தும்.

உன் பங்கைக் காலை 8.40க்கு மூடிவிட்டு வேலைக்குப் போகும் வழியில் படம் எடுத்து அனுப்பு. இங்கே அப்போது 6.10, காப்பி போட்டுக்கொண்டிருப்பேன். என் பங்கு இரவு பத்தே காலுக்குள் உனக்கு வந்துவிடும். உனக்கு அது நள்ளிரவு 12.45, காலையில் பார்த்தால் போதும். ஞாயிறன்று இரண்டையும் சேர்த்துக் குச்சி எத்தனை, புல் எத்தனை என்று கூட்டிவிடலாம்.

அன்புடன்,
அம்மா