மேல்தள ஒழுக்கு: சிலிகான் டியூபைக் கீழே வையுங்கள்

நண்பர்களே, பழைய பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு. சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நம்பாதீர்கள். தண்ணீர் உள்கூரைக்குப் பின்னால் ஓடி எங்கோ போய்ச் சொட்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே இருக்கட்டும்; இன்னொருவர் தாழ்வான பக்கத்திலிருந்து மேலே, க்ளீட் (கயிறு கட்டும் முளை), ஸ்டான்ஷன் (ஓரக் கம்பிவேலியைத் தாங்கும் தூண்) என ஒவ்வொன்றாக, நிதானமாக ஹோஸ் பிடிக்கட்டும்.

இடம் தெரிந்ததும் சுற்றிப் பூசி மெழுகுவது வேலைக்காகாது. அங்கே போல்ட்டில் பூட்டியிருக்கும் க்ளீட்டையோ ஸ்டான்ஷனையோ கழற்றிப் பாருங்கள். துளைக்குள் பால்சா மரம் (மேல்தளத்தின் நடு அடுக்கில் இருக்கும் லேசான மரம்) கறுத்து ஈரமாக வந்தால் சுரண்டியெடுத்து, முழுசாகக் காயவிட்டு (இதில்தான் எல்லோருக்கும் பொறுமை போகும்), கெட்டி எப்பாக்சிப் பசையால் அடைத்து, நடுவே புதிதாகத் துளையிடுங்கள். அப்புறம் பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் மெத்தென்ற ஒட்டுப்பட்டை) வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். போல்ட்டை அசையாமல் பிடித்து, கீழே நட்டை மட்டும் முறுக்குங்கள். போல்ட் சுழன்றால் அடைப்பு விட்டுப்போகும்.